மேட்டுத் தெருவின் கடைசிக் குழாயில் அளந்து பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களில் நிலத்தடி நீரையும் குடிநீரையும் ஆய்வு செய்வது என் வேலை. விவரம் தெரிந்த விவசாயிகள் என்னிடம் முதலில் கேட்பது, "எங்க பிர்கா எந்த வகையில இருக்கு சார்?" என்பதுதான். பிர்கா என்பது சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிரிவு; அதன் நிலத்தடி நீர் நிலையைத்தான் கேட்கிறார்கள். பாதுகாப்பான வகை என்று சொல்லிவிட்டால் ஊரே நிம்மதியாகிவிடுகிறது. அந்த நிம்மதி எனக்குக் கவலை தருகிறது.

அந்த வகைப்பாடு எப்படி வருகிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைப் பல ஆண்டுகளாக பிர்கா அளவில் மதிப்பிட்டு வந்தார்கள். ஒரு பிர்காவில் ஆண்டுக்கு எடுக்கத்தக்க நீர் எவ்வளவு, நாம் எடுப்பது எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். எடுப்பது 70 சதவீதத்துக்குள் இருந்தால் பாதுகாப்பானது. 90 வரை மித அபாயம், 100 வரை அபாயம், அதையும் தாண்டினால் அதிநுகர்வு. 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மொத்தமுள்ள 1166 பிர்காக்களில் 435 அதிநுகர்வில் இருந்தன. எங்கே புதிதாகக் கிணறு தோண்டலாம், எங்கே கூடாது என்று முடிவெடுக்க இது அவசியமான கணக்கு. ஆனால் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் கிடைக்கிறதா, அதைக் குடிக்கலாமா என்ற இரண்டுக்கும் இதில் பதில் இல்லை. தண்ணீர் சரியில்லை என்று ஊரார் இறைக்காமல் விட்டாலே பிர்கா பாதுகாப்பான வகைக்குள் வந்துவிடலாம். அதிநுகர்வு பிர்காவில் இருக்கும் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் குழாயில் ஒழுங்காக வந்துகொண்டும் இருக்கலாம்.

எங்கள் பக்கத்து நிலம் கடினப் பாறை. மேலே கொஞ்சம் மண்ணும் சிதைந்த பாறையும் இருக்கும். அதற்குக் கீழே நீர் இருப்பது விரிசல்களில் மட்டும்தான். அதனால் ஒரு காட்டில் போர் போட்டால் தண்ணீர் பீய்ச்சும், வரப்பு தாண்டி அடுத்த காட்டில் வெறும் புகைதான் வரும். பிர்கா சராசரி இந்த வித்தியாசத்தை மறைத்துவிடும். கிணறு வற்ற வற்ற ஆழமாகப் போகிறோம். ஆழத்தில் நீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடி ஃபுளோரைடைக் கரைத்து வைத்திருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் போன தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும். பெரியவர்களுக்கு முதுகும் முட்டியும் இறுகும். வந்த பிறகு மருந்தால் மாற்ற முடியாது. காய்ச்சினால் சரியாகும் என்று பலர் நம்புகிறார்கள். சரியாகாது, நீர் ஆவியாகக் குறையும்போது ஃபுளோரைடின் அடர்த்திதான் கூடும்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் அது பெரிய வரம், சந்தேகமே இல்லை. ஆனால் காவிரித் தண்ணீர் குறைவாக வரும் நாட்களில், சில ஊர்களில் உள்ளூர் போர் தண்ணீரையும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். தொட்டி நிறைந்துவிட்டது, பதிவேட்டில் லிட்டர் கணக்கும் சரியாக இருக்கிறது. தெருக்குழாயில் பிடித்த நீரில் சோதனைப் பெட்டியின் மருந்தை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஃபுளோரைடு குறைவாக இருந்தால் இளஞ்சிவப்பாக நிற்கும். கூடக்கூட மஞ்சள் பக்கம் போய்விடும். பக்கத்தில் நின்று பார்க்கும் தாய்மார்களுக்கு அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அளவு. வீடுதோறும் குழாய் இணைப்புக் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது. இணைப்புக் கொடுத்த வீடுகளின் எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும். தண்ணீரின் அளவைச் சோதிக்க ஒரு குடமும் கைப்பேசியும் போதும். தினமும் ஒரு மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் குடம் 3 நிமிடத்தில் நிறைந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் 300 லிட்டர். ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு 275 வேண்டும், பரவாயில்லை, போதும். அதே தெருவின் மேட்டுப்பக்கக் கடைசி வீட்டில் குடம் நிறைய 6 நிமிடம் ஆனால் 150 லிட்டர்தான், ஆளுக்கு 30. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் அதிலும் பாதி. நடுவில் சில வீடுகள் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் கடைசி வீட்டில் காற்றுதான் வரும். பெரும்பாலான ஊர்களில் அந்தக் கடைசி வீடு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. குழாய் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் காலனிதான். அளக்கும் வேலையை நான் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவேன். தொட்டிக்குப் பக்கத்தில் அளந்தால் எல்லா ஊரும் நன்றாகத்தான் தெரியும்.

எந்த மாதத்தில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் கிணற்று நீர்மட்டம் மேலே இருக்கும், மே மாதத்தில் அடிக்குப் போய்விடும். இரண்டையும் அளந்து வைத்தால்தான் ஒரு கிணறு எவ்வளவு தாங்கும் என்று தெரியும். ஊரில் பாழடைந்து கிடக்கும் பொதுக்கிணறு ஒன்று போதும். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த இடம் வரை அளந்து, தேதியோடு சுவரில் எழுதுங்கள். நான்கைந்து வருடக் கணக்கு சேர்ந்துவிட்டால், புது போர் போட நிதி கேட்பதா, ஏரி வரத்துக் கால்வாயைத் தூர்வாரச் சொல்வதா என்று ஊரே கூடிப் பேசி முடிவெடுக்கலாம். என் அனுபவத்தில் இரண்டாவதைக் கேட்ட ஊர்கள்தான் கோடையைக் கொஞ்சம் நிதானமாகக் கடக்கின்றன.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. அன்று மூன்று விவரங்களைக் கேளுங்கள். எந்த நாட்களில் போர் தண்ணீர் தொட்டியில் கலக்கப்பட்டது? கடைசியாகக் குழாய்த் தண்ணீரைச் சோதித்த முடிவு என்ன, அந்த மாதிரியை எந்தத் தெருவில் எடுத்தார்கள்? கடைசி வீட்டில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது? மூன்றாவதற்கு அதிகாரிகளிடம் பதில் இருக்காது. முந்தின வாரமே நீங்கள் அளந்து எழுதிக்கொண்டு போய், அந்தக் கணக்கைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.