பிள்ளையின் கணக்கில் எந்தப் பிறந்த ஆண்டு இருக்கிறது?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதும் வன்னியில் பாடங்கள் வட்ஸ்அப் குழுக்களுக்கு வந்தன. வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தியோ போன் அனுப்பினார்கள். அம்மாவின் அடையாள அட்டையில் சிம் எடுத்தாயிற்று. பல வீடுகளில் ரிக்ரொக், பேஸ்புக் போன்ற செயலிகளில் பிள்ளைக்குக் கணக்குகளைத் திறந்து கொடுத்தது போன் கடைத் தம்பிதான். அவசரத்தில் அவர் தட்டிய பிறந்த ஆண்டு ஒரு பெரியவருடையது.

பிறகு நடப்பதில் பெரும்பகுதியை அந்த நான்கு இலக்கங்களே தீர்மானிக்கின்றன. ரிக்ரொக், இன்ஸ்ரகிராம், பேஸ்புக் மூன்றிலும் கணக்குத் திறக்கக் குறைந்த வயது 13. ரிக்ரொக்கில் 13 முதல் 15 வயதுக் கணக்கு தொடக்கத்திலேயே பூட்டித்தான் இருக்கும், பிள்ளை அனுமதித்தவர்கள் மட்டுமே பார்க்கலாம். தனிச்செய்தி வசதியே இல்லை. இரவு 9 மணிக்குப் பிறகு அறிவிப்பு வராது. 18 வயதுக்குக் கீழ் நேரலை போட முடியாது. நாளொன்றுக்கு 60 நிமிடம் கடந்தால் கடவு இலக்கம் கேட்கும். 1985 என்று பதிந்த கணக்கில் இந்தத் தடைகள் ஒன்றும் இல்லை. எட்டாம் தரப் பிள்ளை நேரலையில் நிற்கும், முன்பின் தெரியாத ஆள் அதன் செய்திப் பெட்டிக்கு வருவார். ஆடைத் தொழிற்சாலையில் வேலை முடித்து இருட்டிய பின் வீடு திரும்பும் தாயைக் குறை சொல்வது அநியாயம். பூட்டு முதல் நாளே கழற்றப்பட்டது அவருக்குத் தெரியாது.

ஆகவே முதலில் அந்த ஆண்டைப் பாருங்கள். பிழையென்றால் உண்மை வயதில் புதுக் கணக்குத் திறப்பதே சுலபம். அதன்பின் உங்கள் போனிலும் ரிக்ரொக் கணக்கு ஒன்றைத் திறந்து, செற்றிங்கில் குடும்ப இணைப்புப் பகுதிக்குப் போய், திரையில் வரும் சதுரக் குறியீட்டைப் பிள்ளையின் போனால் ஸ்கான் செய்ய வேண்டும். நேர எல்லையை அங்கிருந்தே மாற்றலாம், சில சொற்கள் வரும் காணொளிகளைத் தடுக்கலாம். பிள்ளையின் செய்திகளை அதில் வாசிக்க முடியாது. வாசிக்கத் தேவையும் இல்லை. பிள்ளை இணைப்பைக் கழற்றினால் உங்களுக்கு அறிவிப்பு வரும். ஒளித்து வைத்துப் பார்க்கும் செயலிகளைவிட இது நல்லது, ஏனென்றால் இணைக்கும்போது பிள்ளையும் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது, ரிக்ரொக்கில் என்ன காணொளி வருகிறது என்பது. லைக் போடாவிட்டாலும் செயலி கணக்கெடுக்கிறது: எத்தனை விநாடி நின்றது, முடிவுவரை பார்த்ததா, திரும்பப் பார்த்ததா, யாருக்காவது அனுப்பியதா. விரும்பிப் பார்த்ததா, பயந்து பார்த்ததா என்று அதற்குத் தெரியாது. மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் காட்சிகள் பரவும்போது இதன் வலியைக் காணலாம். அழுதபடி கடைசிவரை பார்த்த பிள்ளைக்கு அதே மாதிரிக் காட்சிகள் அடுத்தடுத்து வந்து விழும். அம்மம்மாவின் போனை எல்லாரும் பாவிக்கும் வீட்டில் ஒருவர் பார்த்தது மற்றவருக்கும் வரும். காணொளியை அழுத்திப் பிடித்து ‘விருப்பமில்லை’ கொடுங்கள். பட்டியல் முழுவதும் கெட்டிருந்தால் செற்றிங்கில் உள்ளடக்க விருப்பங்களுக்குள் அதைப் புதுப்பிக்கும் வசதி உண்டு. பிள்ளையோடு இருந்து பத்துக் காணொளி பாருங்கள், ஏன் இது வந்தது என்று கேளுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள்.

மிக மோசமான நிலை, பிள்ளையின் அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுவது. இங்கே பெற்றோர் கோபத்தில் போனை உடைக்கிறார்கள், அல்லது எல்லாவற்றையும் அழிக்கிறார்கள். இரண்டும் மிரட்டுபவனுக்கே உதவும். காசு அனுப்பாதீர்கள், அனுப்பினால் மறுபடியும் கேட்பான். உரையாடலையும் கணக்கின் பெயரையும் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துவிட்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

படம் எடுக்கப்பட்டபோது வயது 18க்குக் கீழ் என்றால், அமெரிக்காவிலிருந்து இயங்கும் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை உண்டு. படம் போனை விட்டு வெளியே போகாது. போனுக்குள்ளேயே படத்திலிருந்து ஓர் எண்சரம் கணிக்கப்பட்டு, அது மட்டும் அனுப்பப்படும். சேர்ந்துள்ள தளங்கள் அதே எண்சரம் தரும் படத்தைத் தேடி நீக்கும். மூலப்படம் போனில் இல்லாவிட்டால் எண்சரத்தைக் கணிக்க முடியாது. அழிக்க வேண்டாம் என்பது அதனால்தான். படத்தை வெட்டியோ மாற்றியோ போட்டால் எண்சரம் பொருந்தாமல் போகலாம், அந்தப் பிரதிக்கு வேறாகக் கொடுக்க வேண்டும். வட்ஸ்அப் உரையாடலுக்குள் இந்தத் தேடல் எட்டாது. அங்கே திரைப்பிடிப்பு எடுத்த பின் அந்த இலக்கத்தை முறையிட்டுத் தடுக்க வேண்டும்.