விளிம்பில்லாத கட்டி: மூளை அறுவை மருத்துவருக்கு ஆய்வகம் எதற்கு?

1928இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வால்ட்டர் டாண்டி, அதுவரை யாரும் துணியாத ஓர் அறுவை சிகிச்சையைப் பற்றி எழுதினார். மூளையின் வலது பாதியில் பரவியிருந்த கட்டியை ஒழிக்க, அந்தப் பாதியையே வெட்டி எடுத்துவிட்டார். நோயாளிகளுக்கு இடது கையும் காலும் ஏற்கெனவே செயலிழந்திருந்தன. ஆகவே அந்தப் பக்கத்தில் இழப்பதற்கு இனி அதிகம் இல்லை என்பது அவருடைய கணக்கு. அறுவை சிகிச்சையைத் தாங்கிப் பிழைத்தவர்கள் பேசினார்கள், தெளிவாக யோசித்தார்கள். ஆனாலும் கட்டி திரும்ப வந்தது. பாதி மூளையை எடுத்தும் விடாத நோய் இது.

மூளைக் கட்டிகள் எல்லாமே இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் முளைக்கும் மெனிஞ்சியோமா, பெரும்பாலும் மூளையை வெளியிலிருந்து அழுத்துமே தவிர உள்ளே நுழைவதில்லை. அதைப் பக்குவமாகப் பிரித்து எடுத்துவிட்டால் பலருக்கு நோய் அத்தோடு தீர்ந்துவிடுகிறது. கிளையோமா வேறு ரகம். நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் கிளையா அணுக்களின் சாயல் கொண்ட புற்றணுக்கள், மூளைத் திசுவுக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் பிரிந்து நகர்கின்றன. நரம்பிழைக் கற்றைகளையும் ரத்தக் குழாய்களின் வெளிச்சுவரையும் பற்றிக்கொண்டு வெகுதூரம் போகின்றன. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் வழியாக மறுபக்கத்துக்கும் கடந்துவிடுகின்றன. அருகம்புல்லை மேலோடு செதுக்கினால் மண்ணுக்கடியில் ஓடிய தண்டு வேறோர் இடத்தில் தலைகாட்டுமே, அதைப் போன்றது இது. டாண்டியின் கத்தி போட்ட கோட்டை அணுக்கள் முன்பே தாண்டியிருந்தன.

அப்படியானால் அறுவை சிகிச்சை எதற்கு? மண்டையோட்டுக்குள் ஏறியிருக்கும் அழுத்தம் உடனே குறைய வேண்டும். கட்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். கதிர்வீச்சும் மருந்தும் எதிர்கொள்ள வேண்டிய அணுக்களின் எண்ணிக்கை குறைய வேண்டும். கிளையோமாக்களில் மிகக் கொடிய கிளையோபிளாஸ்டோமாவுக்கு இன்றும் அடிப்படையாக இருக்கும் சிகிச்சை முறை 2005இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 12.1 மாதங்கள். கூடவே டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் பெற்றவர்களுக்கு 14.6 மாதங்கள். இரண்டு ஆண்டுகள் தாண்டியவர்களின் பங்கு 10.4 சதவீதத்திலிருந்து 26.5 ஆக உயர்ந்தது. இரண்டரை மாதக் கூடுதல் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஒரு மகளின் திருமணமோ ஒரு பேரனின் பிறப்போ அந்த இடைவெளிக்குள் வரக்கூடும் என்பதை இந்த நோயாளிகளோடு பழகிய மருத்துவர்கள் அறிவார்கள்.

எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் அறுவை அரங்கில் எழும் முதன்மையான கேள்வி. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும்போது செலுத்தப்படும் காடோலினியச் சாயம், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு உடைந்த இடங்களில் மட்டுமே கசிந்து பளிச்சென்று தெரியும். தடுப்பு உடையாத இடங்களில் ஊடுருவி நிற்கும் புற்றணுக்கள் அந்தப் படத்தில் பிடிபடுவதில்லை. அறுவையின்போது கருவியின் முனை மூளையில் எங்கே நிற்கிறது என்பதைத் திரையில் காட்டும் வழிகாட்டி அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் அவை முன்கூட்டியே எடுத்த படத்தை நம்பியவை. மண்டையோட்டைத் திறந்து, மூளையைச் சுற்றியிருக்கும் திரவம் வடிந்ததும் மூளை தாழ்ந்து இடம் மாறுகிறது. அந்த நகர்வு ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டலாம். பேச்சுக்கும் ஊமைக்கும் இடையிலான தூரம் அதைவிடக் குறைவாக இருக்கும் இடங்கள் மூளையில் உண்டு. 1990களில் பாஸ்டனில் அறுவை அரங்குக்குள்ளேயே எம்ஆர்ஐ கருவியை நிறுவிப் பார்த்ததற்கு இதுவே காரணம்.

இன்னொரு வழி, கட்டியையே ஒளிரவைப்பது. நோயாளி மயக்க மருந்து பெறுவதற்குச் சில மணி நேரம் முன்பு 5-அமினோலெவுலினிக் அமிலம் கலந்த நீரைக் குடிக்கிறார். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் மூலக்கூறை உருவாக்க நம் உடலே பயன்படுத்தும் மூலப்பொருள் இது. வீரியம் மிக்க கிளையோமா அணுக்கள் இதை உள்வாங்கிப் பாதித் தூரம் மாற்றுகின்றன. பிறகு புரோட்டோபார்ஃபிரின் என்ற இடைநிலைப் பொருளாக அது தேங்கிவிடுகிறது. நுண்ணோக்கியின் வெள்ளை விளக்கை நிறுத்தி நீல ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அந்தப் பொருள் சிவப்பாக ஒளிரும். சற்று முன்புவரை இயல்பான திசுவைப் போலவே இருந்த பகுதி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜெர்மனியில் வால்ட்டர் ஸ்டம்மர் தலைமையில் நடந்து 2006இல் வெளியான சோதனையில், ஸ்கேனில் தெரிந்த கட்டியை முழுவதுமாக எடுக்க முடிந்தவர்களின் பங்கு வெள்ளை ஒளியில் 36 சதவீதம், இந்த முறையில் 65 சதவீதம். ஸ்டம்மர் தாமே அறுவை மருத்துவர். அரங்கில் கண்ட குறைக்கு ஆய்வகத்தில் விடை தேடி, அதே அரங்குக்குத் திரும்பக் கொண்டுவந்தார். இந்தத் துறையில் நல்லவை பலவும் இந்தத் தடத்தில்தான் வந்திருக்கின்றன.

ஒளிரும் திசு எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா என்றால், கூடாது. புற்றணுக்கள் ஊடுருவிய இடத்திலேயே நோயாளியின் சொற்களும் விரலசைவுகளும் இருக்கலாம். எந்தச் செயல் எந்த இடத்தில் நடக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. பாடநூல் படத்தை நம்பி வெட்ட முடியாது. அதனால்தான் நோயாளியை விழித்திருக்க வைத்து அறுவை செய்கிறார்கள். கேட்கவே அச்சமூட்டும் இந்த முறையின் அடிப்படை எளியது. மூளைத் திசுவுக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. தலைத்தோலுக்கும் மூளையுறைக்கும் உண்டு. எனவே அவற்றை மரத்துப்போகச் செய்து, மண்டையோட்டைத் திறக்கும்வரை தூங்கவைத்து, பிறகு எழுப்புகிறார்கள்.

எழுந்த நோயாளியிடம் படங்களைக் காட்டி ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லச் சொல்கிறார் மொழி வல்லுநர். அதே நேரத்தில் அறுவை மருத்துவர் இரு முனைகள் கொண்ட சிறு கருவியால் மூளையின் மேலடுக்கான புறணியைத் தொட்டு, சில மில்லியாம்பியர் மின்னோட்டத்தைச் சில நொடிகள் செலுத்துகிறார். அந்த இடத்தின் வேலை அந்தக் கணத்துக்கு மட்டும் குலைகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தவர் நடுவில் நின்றுவிட்டால் அது ஒரு செய்தி. "இது ஒரு..." என்று வாக்கியம் சரளமாக வந்து, பொருளின் பெயர் மட்டும் வராமல் போனால் அது வேறொரு செய்தி. அங்கே எண் பொறித்த சிறு சீட்டு ஒன்று வைக்கப்படும். கத்தி அதை நெருங்காது. மின்தூண்டலால் சில நேரம் வலிப்பு வந்துவிடும். அப்போது குளிரூட்டிய உப்புநீரை மூளை மீது ஊற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. இதற்காகவே அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இரு மொழி பேசுபவருக்கு இரண்டிலும் சோதிப்பார்கள். ஒன்றைத் தடுக்கும் இடம் மற்றதைத் தடுக்காமல் விடலாம்.

வலிப்பு நோய்க்காக இந்த முறையை விரிவாகக் கையாண்டவர் மான்ட்ரியலின் வைல்டர் பென்ஃபீல்டு. கட்டிகளுக்கு அது எவ்வளவு காப்பளிக்கிறது என்பதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் 250 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். ஆறு மாதங்களுக்குப் பிறகு உயிருடன் இருந்த 243 பேரில் நான்கு பேருக்கு மட்டுமே பேச்சுக்குறை நீடித்தது. பேச்சை நிறுத்தும் இடம் திறந்த பகுதியில் ஒன்றாவது கிடைத்தது 58 சதவீத நோயாளிகளிடம் மட்டுமே. அது கிடைக்காதபோதும், மின்தூண்டலுக்கு எந்தப் பாதிப்பும் காட்டாத இடங்களின் வழியே கட்டியை எடுக்கலாம் என்பது அந்த ஆய்வின் முக்கிய முடிவு.

மெதுவாக வளரும் கிளையோமாக்களில் எனக்குப் பெரும் வியப்பளிப்பது வேறொன்று. பல ஆண்டுகளாகக் கட்டி ஊடுருவும்போது மூளை தன் வேலைகளைப் பக்கத்துப் பகுதிகளுக்கு மெல்ல மாற்றிக்கொள்கிறது. பிரான்சின் மான்பெல்லியரில் ஹியூக் டுஃபோ இதைத் தம் அறுவை முறைக்கே அடித்தளமாக்கினார். முதல் அறுவையில் தொடக்கூடாததாக இருந்த இடம், சில ஆண்டுகள் கழித்து மறுபடி திறக்கும்போது எடுக்கக்கூடியதாகியிருக்கலாம். ஆழத்திலுள்ள நரம்பிழைக் கற்றைகளுக்கு இந்த நெகிழ்வு மிகக் குறைவு என்பதால் அங்கேயும் மின்தூண்டலைத் தொடர்கிறார்கள்.

கட்டி வெளியே வந்ததும் சாதாரண மருத்துவமனையில் அது நோயியல் பிரிவுக்குப் போகும். பல்கலைக்கழக மருத்துவமனையில் அங்கிருந்துதான் இரண்டாவது வேலை தொடங்குகிறது. இதன் முன்னோடி அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். 1931இல் தம் 2000ஆவது மூளைக் கட்டி அறுவையைச் செய்த அவர், திசுக்களையும் நிழற்படங்களையும் நோயாளிகளின் பிற்கால வரலாற்றையும் விடாமல் சேர்த்துவைத்தார். அவருடன் பணியாற்றிய பெர்சிவல் பெய்லி அந்தத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, நோயாளிகள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதோடு பொருத்தினார். 1926இல் இருவரும் வெளியிட்ட கிளையோமா வகைப்பாடு இப்படிப் பிறந்தது. இன்றைய வகைப்பாடு மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆனால் திசுவோடு நோயாளியின் வாழ்வையும் இணைத்துப் படிக்கும் முறை அங்கிருந்து வந்ததே.

ஒரு துணுக்குத் திசு கட்டியின் நடுவிலிருந்து வந்ததா, ஓரத்திலிருந்து வந்ததா, அங்கே மின்தூண்டலுக்குப் பேச்சு நின்றதா என்பதை அறிந்தவர் அறுவை மருத்துவர் ஒருவர்தான். இந்த அறிவு சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய கதவைத் திறந்தது. 2019இல் ஸ்டான்ஃபோர்டிலும் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கிலும் இருந்த இரு குழுக்கள், நரம்பணுக்கள் கிளையோமா அணுக்களோடு நேரடியாகச் சினாப்ஸ் இணைப்புகளை, அதாவது நரம்பணுக்கள் தங்களுக்குள் செய்தி கடத்தும் சந்திப்புகளை, உருவாக்குவதைக் காட்டின. மூளையின் மின்னோட்டமே கட்டியை வளர்க்கிறது. 2023இல் சான்பிரான்சிஸ்கோவில் ஷான் ஹெர்வே-ஜம்பரின் குழு ஒருபடி மேலே போனது. விழித்திருந்த நோயாளிகள் படங்களுக்குப் பெயர் சொல்லும்போது, கட்டி ஊடுருவிய புறணியின் மின்செயல்பாட்டைப் பதிவுசெய்தார்கள். அந்தப் பகுதியும் பேச்சில் பங்கேற்றது. மூளையின் மற்ற பகுதிகளோடு வலுவாக இணைந்திருந்த இடங்களிலிருந்தும் இணைப்புக் குறைந்த இடங்களிலிருந்தும் தனித்தனியே திசு எடுத்து ஒப்பிட்டார்கள். இணைப்பு மிகுந்த இடங்களில், சினாப்ஸ்களைத் தூண்டும் திராம்போஸ்பான்டின்-1 என்ற புரதத்தைச் சுரக்கும் புற்றணுக்கள் கூடுதலாக இருந்தன. அத்தகைய கட்டி கொண்டவர்களின் ஆயுளும் குறைவாக இருந்தது. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் நெடுநாளாகத் தரப்படும் காபாபென்டின், சோதனைகளில் இந்தப் புரதத்தின் வேலையைத் தடுத்துப் புற்றணுக்களின் பெருக்கத்தைக் குறைத்தது. நோயாளியின் பேச்சு, மின்பதிவு, திசு மூன்றையும் ஒரே அரங்கில் ஒரே கையில் பெற முடியாதிருந்தால் இந்த ஆய்வு நடந்திருக்காது.

அரங்கிலும் ஆய்வகத்திலும் பணிபுரியும் இப்படி ஒரு மருத்துவர் உருவாக நெடுங்காலம் பிடிக்கிறது. அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்குப் பிறகு நரம்பியல் அறுவைப் பயிற்சி மட்டும் ஏழு ஆண்டுகள். ஆராய்ச்சிக் காலம் பெரும்பாலும் அதற்குள்ளேயே வரும். அதன் பிறகு பலர் கட்டிகளுக்கென்றே தனிப் பயிற்சி பெறுகிறார்கள். பதவிக்கு வந்த பின் வாரத்தின் சில நாட்கள் அரங்குக்கு, ஒருநாள் புறநோயாளிகளுக்கு, மிச்சம் ஆய்வகத்துக்கு. இடையில் புற்றுநோய் மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், நோயியல் நிபுணர் ஆகியோருடன் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கூடிப் பேச வேண்டும். ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுத வேண்டும், இளையவர்களின் கையைப் பழக்க வேண்டும். அவசர அறுவை ஒன்று வந்தால் முதலில் பலியாவது ஆய்வக நேரம்தான். அறுவைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து மருத்துவரை அளக்கும் நிறுவனம், இத்தகையவர்களைத் தன்னை அறியாமலே இழந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. அந்த நேரத்தைப் பாதுகாப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

மருந்துகளின் கதையிலும் இவர்களுக்கு இடமுண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் அறுவை மருத்துவர் ஹென்றி பிரெம், வேதிப்பொறியாளர் ராபர்ட் லாங்கருடன் சேர்ந்து, கட்டி எடுத்த குழியில் வைக்கக்கூடிய மருந்து வில்லைகளை உருவாக்கினார். 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அவை, மெல்லக் கரைந்து மருந்தை அங்கேயே வெளியிடும். பலன் மிதமானதே. ஆனால் ரத்த-மூளைத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்பதை அவை நடைமுறையில் காட்டின. கிளையோமாவுக்கு முயன்ற மருந்துகளில் பல தோற்றதற்கு அந்தத் தடுப்பு ஒரு முக்கியக் காரணம். கட்டிக்குள் மருந்து போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமலே பெரிய சோதனைகள் நடத்தி, ஆண்டுகளும் நோயாளிகளின் நம்பிக்கையும் வீணாயின.

இப்போது அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே மருந்தைக் கொடுத்து, எடுத்த திசுவில் அதன் அளவையும் விளைவையும் அளக்கும் சோதனைகள் நடக்கின்றன. 2008இல் கிளையோபிளாஸ்டோமாவின் மரபணுக்களை ஆராய்ந்தபோது ஐடிஎச்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது கண்டறியப்பட்டது. மெதுவாக வளரும் கிளையோமாக்களில் இது மிகப் பரவலாக இருப்பது அடுத்த ஆண்டிலேயே தெரிந்தது. மாற்றமடைந்த நொதி, அணுவின் இயல்பைக் குலைக்கும் 2-ஹைட்ராக்சிகுளுடரேட் என்ற பொருளைக் குவிக்கிறது. அதைத் தடுக்கும் மருந்துகளில் எது மூளைக்குள் போகும் என்பதை அறிய, நோயாளிகளுக்கு அறுவைக்கு முன் வோராசிடெனிப், ஐவோசிடெனிப் இரண்டில் ஒன்று கொடுக்கப்பட்டது. வோராசிடெனிப் மூளைக்குள் சீராக நுழைந்து, கட்டியில் அந்தப் பொருளை 90 சதவீதத்துக்கும் மேல் குறைத்திருந்தது. பெரிய சோதனைக்கு அதுவே தேர்வானது. அறுவை மட்டும் செய்துகொண்ட நோயாளிகளிடம் நடந்து 2023இல் வெளியான அந்தச் சோதனையில், நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 11.1 மாதங்கள், வோராசிடெனிப் பெற்றவர்களுக்கு 27.7 மாதங்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. கதிர்வீச்சையும் கீமோதெரபியையும் இத்தகைய நோயாளிகளில் பலரால் இப்போது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட முடிகிறது.