நரம்பு தேறாமலும் தலைச்சுற்றல் தீரும்

புரட்டாசியில் தலை சுற்றினால் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கம் விரதத்தின் மேல்தான் பழி. பசிக் கிறுகிறுப்பு ஒரு வாய் சாப்பிட்டால் அடங்கிவிடும். படுத்த இடத்திலேயே அறை சுழன்று, வாந்தியும் எடுத்து, அது நாள் முழுக்க ஓயவில்லை என்றால் உள்காதின் சமநிலை நரம்பைச் சோதிக்க வேண்டும்.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். எதிரில் உட்காரவைத்து, "என் மூக்கையே பாருங்கம்மா" என்பேன். தலையை இரு கையாலும் பிடித்து, சொல்லாமல் சட்டென்று கொஞ்சம் திருப்புவேன். நரம்பு சரியாக இருந்தால் பார்வை மூக்கை விட்டு நகராது. பழுதான பக்கம் திருப்பும்போது கண் தலையோடு போய்விட்டு, வெடுக்கென்று மூக்குக்குத் திரும்பும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஹல்மாகியும் கர்தாய்ஸும் 1988இல் விவரித்த சோதனை இது. இப்போது கேமரா வைத்த கண்ணாடியை மாட்டி, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழல்களை இரு காதிலும் ஒவ்வொன்றாக அளக்கிறோம். காதில் 30 டிகிரியிலும் 44 டிகிரியிலும் தண்ணீர் விடும் பழைய சோதனை யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் சில கோளாறுகள் அதில்தான் பிடிபடும்.

சுற்றல் ஓயாதபோது தலை திருப்பும் சோதனை சரியாக வந்தால்தான் எனக்குப் பயம். காது நரம்பில் பழுதில்லை என்றால் மூளையில் பக்கவாதமாக இருக்கலாம். சர்க்கரையும் பிரஷரும் இல்லாத வீடு நம்மில் எத்தனை? அவர்களை உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்பிவிடுவேன்.

நரம்பு அழற்சிதான் என்று தெரிந்து, சில மாதம் கழித்து மறுபடி அளந்தால் பலருக்கும் நரம்பின் திறனைக் காட்டும் எண் பழையபடி குறைவாகவே இருக்கும். ஆள் மட்டும் படியேறி, கடைக்குப் போய் வந்துகொண்டிருப்பார். "அப்புறம் எப்படிங்க நடக்கிறேன்?" என்பார்கள். குறைந்த பக்கத்தை ஈடுகட்ட மூளை பழகிக்கொண்டது, அவ்வளவுதான். அசைந்தால்தான் அது பழகும். வாந்தி அடங்கும்வரை இரண்டு மூன்று நாள் மாத்திரை சரி. மாதக்கணக்கில் ஸ்டெமட்டில் என்ற வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தால் தேறுவது தள்ளிப்போகும். சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதையே பார்த்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டும் பயிற்சியைத்தான் நான் விடாமல் செய்யச் சொல்வேன். முதலில் குமட்டும், பரவாயில்லை.

இரண்டு காதிலும் சமநிலை உணர்வு கெட்டவர்கள் கதை வேறு. அவர்களுக்குச் சுற்றாது, இருட்டில் தள்ளாடுவார்கள், நடக்கையில் கடைப் பலகை எழுத்துகள் குதிக்கும். மருந்துக்கு மசியாத டி.பி.க்கு முன்பு போட்ட ஊசிகள் கேட்கும் திறனையும் சமநிலையையும் கெடுக்கக்கூடியவை. 2018இல்தான் இந்த நாட்டில் அவற்றின் இடத்துக்கு பெடாக்விலின் மாத்திரை வந்தது. அந்த ஊசி போட்டுக்கொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், வரும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.