‘கரப்ஷன் புரூஃபிங்’: ஊழலுக்குச் சான்றிதழா?

கொழும்பில் ஒரு பயிலரங்கு. மேசையில் மும்மொழிக் கைந்நூல். தமிழ்ப் பகுதியைப் புரட்டினால் கொட்டை எழுத்தில் ‘சட்டமூலங்களின் ஊழல் சான்றாக்கம்’; ஆங்கிலப் பகுதியில் அதுவே ‘கரப்ஷன் புரூஃபிங்’. பக்கத்துக் கதிரையில் இருந்த சட்டத்தரணி அண்ணன் குனிந்து, “இனி ஊழலுக்கும் சேர்ட்டிபிகேட் குடுக்கப் போறாங்கள் போல” என்றார்.

மொழிபெயர்த்தவரை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ‘புரூஃப்’ என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் நிற்பது சான்று, அத்தாட்சி என்பதுதான். ஆனால் அதன் லத்தீன் வேரான ‘ப்ரொபாரே’ சோதித்துப் பார்ப்பதைக் குறிக்கும். அச்சகத்தில் ‘புரூஃப் பார்க்கிறது’ என்று சொல்லும்போது நாம் சான்றிதழையா பார்க்கிறோம்? பிழையைத் தேடுகிறோம். ‘வாட்டர்புரூஃப்’ மணிக்கூட்டில் அதே சொல், தண்ணீர் புகாது என்ற பொருளில் வருகிறது. ‘கரப்ஷன் புரூஃபிங்’ இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்த தொடர்: வரைவை வரிவரியாகச் சோதித்து, ஊழல் புகும் ஓட்டையைச் சட்டமாகுமுன் அடைப்பது. ஆளைப் பிடிக்கிற வேலையல்ல, எழுத்தைப் பிடிக்கிற வேலை. அதனால் ‘ஊழல் தடுப்பு’ என்ற பொதுச்சொல்லும் இதற்குப் போதாது.

நாட்டுக்கு நாடு பெயர் வேறு. தென் கொரியா 2006 முதல் இதை ‘ஊழல் தாக்க மதிப்பீடு’ என்கிறது. ரஷ்யா 2009 இல் தனிச் சட்டமே இயற்றி ‘எக்ஸ்பெர்டிசா’ என்றது. நிபுணர் ஆய்வு என்று பொருள். லிதுவேனியாவிலும் மோல்டோவாவிலும் இந்த முறை உண்டு. ஊழலுக்கு எதிரான ஐ.நா. சமவாயத்தின் 5ஆம் உறுப்புரை, இருக்கிற சட்டங்களையே காலத்துக்குக் காலம் மதிப்பிடச் சொல்கிறது. இலங்கை அதை 2004 இல் ஏற்று உறுதிப்படுத்தியது.

சரி, என்னத்தைத் தேடுவார்கள்? நானே புனைந்த ஒரு வாசகம்: ‘தகுதியுடைய விண்ணப்பதாரருக்கு, நியாயமான காலத்தினுள், அதிகாரி உரிமம் வழங்கலாம்.’ வாசிக்க நல்லாய்த்தான் இருக்கிறது. தகுதி எது என்று எங்கும் எழுதவில்லை. நியாயமான காலம் ஏழு நாளா, ஏழு மாதமா? எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை கடைசி இரண்டு எழுத்து: ‘லாம்’. ‘வழங்குதல் வேண்டும்’ என்றிருந்தால் அது அதிகாரியின் கடமை. ‘வழங்கலாம்’ என்றால் அவருடைய தற்றுணிபு, அதாவது அவராக முடிவெடுக்கிற அதிகாரம். வழங்காமலும் விடலாம், மேசைக்குக் கீழே ஏதாவது வரும்வரை வைத்தும் இருக்கலாம். எல்லா ‘லாம்’களும் கெட்டவை என்பதல்ல, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேன்முறையீடு செய்ய இடம் உண்டு என்று அடுத்த வாசகம் கட்டிப்போட்டால் பயமில்லை.

வரைவு மக்களின் உரிமைகளை மீறுகிறதா என்று பார்க்கிற மனித உரிமைச் சோதனையும் இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. கட்டுப்பாடில்லாத தற்றுணிபு கையூட்டுக்கு மட்டும் வாசல் அல்ல. ஆளுக்கொரு நீதிக்கும் வாசல். அப்போது அரசியலமைப்பின் 12(1) உறுப்புரையில் உள்ள சமத்துவ உரிமை அடிபடுகிறது. இரண்டு சோதனைக்கும் இரண்டு குழு, இரண்டு அறிக்கை என்று பிரிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

எங்கள் நாட்டில் இதற்கு அவசரம் கூட. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும் எந்தக் குடிமகனும் அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றம் போகலாம்; நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். சபாநாயகர் சான்றுரை எழுதியபின் 80(3) உறுப்புரை கதவைச் சாத்திவிடும்: அந்தச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. 1979 இல் பயங்கரவாதத் தடைச்சட்டம் ‘அவசர’ சட்டமூலமாகவே, அதாவது இந்தக் குடிமக்கள் மனுவுக்கு இடமில்லாமலே, வந்தது. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுதாக ஏறவில்லை என்று சபாநாயகர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. 2024 மார்ச்சில் அது தோற்றது, சட்டம் அப்படியே நிலைத்தது. தமிழ்நாட்டார் சிலர் இவ்வாய்வுக்குக் ‘கூராய்வு’ என்ற சொல்லைத் தருவார்கள். நல்ல சொல்தான். ஆனால் ‘ர’ பிசகி ‘ற’ ஆனால் அது பிரேதப் பரிசோதனை. சபாநாயகர் கையொப்பத்துக்குப் பிறகு எங்களுக்கு மிஞ்சுவது அதுதான்.

அப்ப நல்ல தமிழ் எது? செட்டியார் தெரு நகைக்கடையில் பழைய காப்பைக் கொடுத்துப் பாருங்கள். கறுப்புக் கல்லில் ஒரு கீறு உரசி, அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மாற்று, அதாவது தங்கத்தின் தரம், சொல்வார்கள். அந்தக் கல்லுக்கு உரைகல் என்று பெயர், பழம்பெயர் கட்டளைக்கல். ‘கருமமே கட்டளைக் கல்’ என்பது 505ஆம் குறள். அதே ‘கட்டளை’தான் ஆணையும், ஆங்கிலேயர் காலத்து ‘ஓர்டினன்ஸ்’களை, 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச்சட்டம் போல, இன்றும் கட்டளைச்சட்டம் என்கிறோம். சட்டத்துக்கும் சோதிக்கும் கல்லுக்கும் ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருக்க, நாம் ‘சான்றாக்கம்’ தேடிப் போனோம்.

‘உரைப்பு’ என்று சுருக்கினால் பேச்சு என்ற பொருள் குறுக்கே வரும். ஆகவே ‘சட்டமூல உரைகல் ஆய்வு’ என்பது என் தெரிவு. அலுவலகத் தமிழ்தான் வேண்டுமென்பவர்களுக்கு ‘ஊழல் இடர்நேர்வு ஆய்வு’ இருக்கிறது. பிழையில்லை, கொஞ்சம் காய்ந்த சொல்.

உரசும்போது சிங்களப் பிரதியையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பிரதிகளுக்கிடையே முரண் வந்தால் சிங்களமே மேலோங்கும் என்ற வாசகம் எங்கள் சட்டங்களின் கடைசியில் வழமையாக வரும். தமிழில் ‘வேண்டும்’ என்று இருப்பது அங்கே ‘லாம்’ ஆக இருந்தால், புதுக்கடை நீதிமன்றங்களில் செல்லுபடியாவது அந்த ‘லாம்’தான்.