35 சென்ட்டுக்கு ஒரு நாவலா?

மின்னூலை அடிமாட்டு விலைக்கு விற்கிறேன் என்று என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த ஒரு தம்பி. இரண்டு வருடம் கண் விழித்து எழுதிய அறிவியல் புனைகதையை என் மேசையில் வைத்தார். மெய்ப்புத் திருத்தி மின்னூலாக்க நான் கேட்ட கூலிக்கு மறுபேச்சில்லை. விலை என்ன வைக்கலாம் என்றதும் தலையைச் சொறிந்தார்.

“99 சென்ட் போதும் அக்கா. நாலு பேர் படித்தால் சரி. தமிழுக்கு ஒரு சேவைதானே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டை வரைந்தவருக்குக் காசு, எனக்குக் காசு. எழுதியவர் மட்டும் சேவை செய்ய வேண்டுமா?

விலையைக் குறைத்தால் வாசகர் வந்து குவிவார் என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ! கணக்கைப் பாருங்கள். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் விலை 2.99 முதல் 9.99 அமெரிக்க டாலருக்குள் இருந்தால்தான் 70 விழுக்காடு ராயல்டி, அதாவது எழுத்தாளர் பங்கு, கிடைக்கும். அதற்குக் கீழே போனால் 35 விழுக்காடுதான். 99 சென்ட் நூலில் உங்கள் கைக்கு வருவது சுமார் 35 சென்ட். 2.99-இல் இரண்டு டாலரை ஒட்டி வரும். (கோப்பின் அளவுக்கு ஏற்ப அதில் ஒரு சிறு கட்டணம் கழிப்பார்கள். படங்களைச் சுருக்கிப் போடுங்கள் என்று நான் கத்துவது அதனால்தான்.) ஆக, 2.99 டாலர் நூல் ஒன்றில் வருகிற காசுக்கு 99 சென்ட் நூல் ஏறக்குறைய ஆறு விற்றாக வேண்டும். டர்பனில் தமிழ் நாவல் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாதா? ஆறு மடங்கு வாசகரை எங்கே போய்ப் பிடிப்பது? 99 சென்ட் என்றதும் பிழை திருத்தாத நூல் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. பல நேரம் அவர்கள் நினைப்பது சரியாகவும் இருக்கிறது.

கதையைப் பிரித்தேன். கி.பி. 3050, செவ்வாய்க் கிரகம், காதலிக்கும் ரோபோ. நாயகன் பெயரை மாற்றினால் எந்த ஊர்க் கதையாகவும் ஆகிவிடும். இங்கே நம் நாட்டின் காரூ வறள்நிலத்தில் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியின் 64 தட்டுகள் வானைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கைப்பேசி அலைகூட அதைக் கெடுத்துவிடும் என்று சுற்றுவட்டாரத்தில் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பேசக் கூடாத அந்த நிலத்தில் ஒரு கதை கிடைக்காதா? 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக டர்பனுக்கு வந்தவர்களைப் போல, விண்கலத்தில் கூலியாக ஏறுகிற ஒரு பெண் கிடைக்க மாட்டாளா?

“எங்கள் ஆயாவின் ஆயா கதையை யார் அக்கா படிப்பார்கள்?” என்றார். 99 சென்ட் என்று சொன்ன அதே குரல்.

மின்னூல் போடும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தென்னாப்பிரிக்கத் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. இடைத்தரகருக்கு ரேண்ட் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள். அமேசான் கேட்கும் வரிப் படிவத்தை அரைகுறையாக விட்டால் அமெரிக்க விற்பனையில் 30 விழுக்காட்டை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். விலை குறைக்கத்தான் வேண்டும் என்றால் வெளியிட்ட முதல் வாரத்தோடு நிறுத்துங்கள். தயவுசெய்து, பதிவேற்றும் முன் உங்கள் உறவுக்காரர் அல்லாத இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள்.

தம்பி முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுத எடுத்துப் போயிருக்கிறார். விலைக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.