ஏற்றும்போது காற்றில்லை என்பது போதாது

கோவைப் பக்கம் ரேடியோ கண்ட்ரோல் விமானம் பறக்கவிடக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஆனி, ஆடியில் என்னிடம் பழுதுக்கு வருபவை பெரும்பாலும் மூக்கு நசுங்கி, இறக்கை முறிந்த விமானங்கள்தான். கேட்டால் "ஏத்தும்போது காத்தே இல்லைங்க" என்பார்கள். உண்மைதான், ஏற்றிய அந்த நிமிடத்தில் காற்று இருந்திருக்காது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் பருவக்காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. ஓயும், திடீரென ஓங்கி அடிக்கும். செல்போன் காட்டும் வேகம் பொதுவாக 10 மீட்டர் உயரத்துக்குக் கணித்த சராசரி, உங்கள் மைதானத்தில் அளந்தது அல்ல. அதனால் விமானத்தைக் காரிலிருந்து எடுக்கும் முன் 10 நிமிடம் சும்மா நிற்கச் சொல்வேன். காற்றின் வேகத்தை அளக்கும் கையடக்க அனிமோமீட்டரில் குறைந்தது மணிக்கு 8, கூடியது 24 கிலோமீட்டர் என்று வந்தால் சராசரி 16 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த 24-ஐயும் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் பாருங்கள். மீட்டர் இல்லையா, மரத்தைப் பாருங்கள். இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19 வரை, புழுதி கிளம்பிக் காகிதம் பறந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. நிதானமாக 35 கிலோமீட்டரில் பறக்கும் ஃபோம் ட்ரெய்னரை, அதாவது பழகுவதற்கான ஃபோம் விமானத்தை, புதியவர் வைத்திருந்தால், ஓங்கி அடிக்கும் காற்று அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது என் கணக்கு.

அப்புறம் தென்னந்தோப்பு. தோப்பின் மறைவில் நின்றால் காற்றே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் மர உயரத்தைப் போல பத்து மடங்கு தூரத்தில்கூட காற்று குழம்பிச் சுழன்றுகொண்டிருக்கலாம். விமானம் மர உச்சியைத் தாண்டியதும் முழுக் காற்றும் அதன்மேல் விழும்.

நான் பார்த்த விபத்துகளில் அதிகம் நடப்பது காற்றோடு திரும்பும்போதுதான். 20 கிலோமீட்டர் காற்றில் 35-ல் பறக்கும் விமானம், காற்று போகும் திசையில் திரும்பியதும் நம் கண்ணுக்கு 55-ல் ஓடும். ஐயோ வேகமாகப் போகிறதே என்று கை தானாக த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) குறைக்கும். ஆனால் இறக்கைக்குக் கிடைப்பது அதே 35 தான், குறைத்ததும் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். மூன்று வருடம் முன்பு என் மாணவர் ஒருவரின் ஒரு கிலோ விமானம் அப்படி விழுந்த இடத்திலிருந்து 20 அடியில் ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ப்ரொப்பல்லர் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் இருப்பதை நான்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் காற்று போகும் திசையில் ஆள் இருந்தால் நாங்கள் ஏற்றுவதே இல்லை.

இறக்கும்போதும் கவனம் வேண்டும். தரைக்கு அருகே எதிர்க்காற்று சட்டென்று குறையும், அதோடு இறக்கைக்குக் கிடைக்கும் காற்றும் குறையும். கடைசி சில மீட்டருக்கு த்ராட்டிலைக் கொஞ்சம் வைத்தே இறக்குங்கள். பறக்கும்போது முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், பேட்டரி குறைந்த நேரத்தில் காற்றே திருப்பிக் கொண்டுவரும்.

ஆடி மாத வகுப்பு எனக்குக் காலை 6 மணிக்கு, தரை சூடாகும் முன் 8-க்கெல்லாம் மூட்டை கட்டிவிடுவோம். பத்து நிமிடம் நின்று பார்த்து, காரைத் திறக்காமலே திரும்பிய நாட்களும் உண்டு. அந்த நாட்களுக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை, காசு கொடுத்தாயிற்றே என்று யாரும் ஏற்றிவிடக்கூடாது.