பாட்காஸ்ட் – வலையொலி

பாட்காஸ்டுக்குத் தமிழில் வலையொலி. வலை, ஒலி இரண்டும் யகர உடம்படுமெய்யோடு சேர்ந்த சொல். இணையத்தில் கேட்கக் கிடைக்கும் ஒலிப்பதிவெல்லாம் வலையொலி ஆகாது. அது பகுதி பகுதியாக வெளிவர வேண்டும். ஒவ்வொரு பகுதியும் ஒரு செய்தியோடையில், அதாவது புதிய பகுதிகளைச் செயலிகளுக்குப் பட்டியலிட்டுக் காட்டும் ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்ற இணையக் கோப்பில், சேர வேண்டும். ஒருமுறை சந்தா சேர்ந்தவருக்குப் புதிய பகுதி தானாக வந்துவிடும்.

2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி இந்தப் புதுப் பழக்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டு மூன்று பெயர்களைக் கேள்விக்குறியோடு அடுக்கினார். அதில் ஒன்று பாட்காஸ்டிங்: ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடின் வாலும் பிராட்காஸ்டின் வாலும் ஒட்டிய சொல். மறு ஆண்டே நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்கன் அகராதி பாட்காஸ்டை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ஐபாட் 2022இல் நிறுத்தப்பட்டது. ஆகவே ‘பாட்’ என்பதற்கு நேர்ச்சொல் தேடுவது வீண். பிராட்காஸ்ட் பழைய உழவுச்சொல். விதையை வயலில் வீசித் தெளிப்பது. அந்தக் கணக்கில் வலையொலி நாற்று நடவு: கேட்டு வாங்கும் கைப்பேசியில்தான் போய் ஊன்றுகிறது.

சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. யூடியூபுக்கு ‘வலையொளி’ என்று பலர் எழுதுகிறார்கள். எழுத்தில் ஒலி, ஒளி வேறு. லகர ளகர வேறுபாடு மங்கிய பேச்சில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். காதுக்கான ஊடகத்தின் பெயரே காதில் குழம்பலாமா? நீங்கள் ஊருக்காக வலையொலி நடத்தினால், தொடக்க அறிவிப்பில் ‘கேட்கும் வலையொலி’ என்று சொல்லிவிடுங்கள். தலைப்பில் ஊர்ப்பெயர் இருக்கட்டும். விவரக்குறிப்பில் ‘பாட்காஸ்ட்’ என்றும் சேருங்கள். தேடுபவர் அதைத்தான் தட்டச்சு செய்வார்.

சமுதாய வானொலி வேறு. சென்னையில் 2004இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம். போன்ற நிலையத்துக்கு உரிமம் வேண்டும், திறன் வழக்கமாக 100 வாட்; தானே செய்தி திரட்டி ஒலிபரப்ப அனுமதி இல்லை. குடிநீர் ஏன் வரவில்லை, குப்பை ஏன் தேங்குகிறது என்ற ஊர்ப்பேச்சுக்கு வலையொலி இடம் தருவது இதனால்தான். அவதூறுச் சட்டம் இங்கும் பொருந்தும். ஒருவரைக் குறை சொன்னால் அவர் பதிலை அதே பகுதியில் சேர்ப்பதே முறை.

ஊர்ப்பேச்சை வாட்ஸ்அப் குழுவில் ஒலிக்கோப்பாக அனுப்புவோர் நிறையப் பேர். பத்துக் குழு தாண்டினால் அதற்குத் தேதியும் இல்லை, சொன்னவரும் இல்லை. ஓடையில் தேதி, பகுதி எண், நிலையான முகவரி மூன்றும் நிற்கும். கிராம சபையில் எழுந்து ‘12ஆம் பகுதி, 8ஆம் நிமிடம், தொட்டியைச் சுத்தம் செய்வதாகச் சொன்னீர்கள்’ என்று கேட்க முடிவது அதனால்தான். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற சபை நாள்களுக்கு ஒரு வாரம் முன்பே அந்தப் பகுதியை வெளியிடுங்கள்.

பேச்சு மட்டும் என்றால் ஒற்றைத் தடமான மோனோ, நொடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) போதும். அரைமணி நேரம் சுமார் 14 எம்பி. ஸ்டீரியோ 128இல் அது இரட்டிப்பாகும், டேட்டா குறைவாகப் போட்டவர் இறக்கமாட்டார். சேவையகம் மாற்றும்போது பழைய ஓடையிலிருந்து, முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லும் 301 வழிமாற்று வைக்காவிட்டால் சந்தாதாரர் அங்கேயே தங்கிவிடுவார். பகுதியின் அடையாளக் குறியீடு மாறினால் பழையவை புதியவையாக மீண்டும் வந்து குவியும். கேட்பவர் சந்தாவை நீக்கிவிடுவார்.